குழந்தையின் முதல் பாலே: டிக்கெட் எடுப்பதற்கு முன்பிருந்து வீடு திரும்பும் வரை

லண்டனில் இருந்துகொண்டு, மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தையை முதன்முதலாக பாலே பார்க்கக் கூட்டிப்போக நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் இரண்டு பெண்களையும், தெரிந்தவர்களின் பிள்ளைகளையும் பல டிசம்பர்களில் கூட்டிப்போய் வந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றேதான். பெரும்பாலான தவறுகள் அரங்குக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் நடந்துவிடுகின்றன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் குழந்தையைப் பாருங்கள், அப்புறம் நிகழ்ச்சியை

டிக்கெட்டை வாங்கிவிட்டு வயது வரம்பைப் படிப்பவர்கள் நிறையப் பேர். லண்டனின் பெரிய அரங்குகளில் முழுநீள பாலேக்களுக்கு ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. இந்த விதி அரங்குக்கு அரங்கு, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள். "மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பது பல இடங்களில் நடக்காது, சின்னக் குழந்தைக்கும் தனி டிக்கெட் கேட்பார்கள்.

விதி அனுமதித்தாலும் குழந்தை தயாரா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை இருக்கிறது. மாலையில் அறை விளக்கைக் குறைத்து, கையில் போன், பொம்மை எதுவும் இல்லாமல், வசனமே இல்லாத ஒன்றை அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். வசனம் இல்லாததாக இருப்பது முக்கியம். பேச்சு வரும் கார்ட்டூனை இரண்டு மணி நேரம் பார்க்கும் குழந்தைகூட பேச்சு நின்றதும் பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிடும். அப்படி நெளிந்தால் குறுகிய நிகழ்ச்சியில் தொடங்குங்கள்.

2. எதைப் பார்ப்பது

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு என் முதல் பரிந்துரை குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்ட சுருக்கமான பாலே. இங்கிலிஷ் நேஷனல் பாலேயின் 'மை ஃபர்ஸ்ட் பாலே' வரிசை அப்படிப்பட்டது. ஹோல்பர்னில் உள்ள பீகாக் தியேட்டரில் வழக்கமாக ஈஸ்டரை ஒட்டி நடக்கும். பெரிய பாலே ஒன்றைச் சுருக்கி, கதையைச் சொல்ல ஒருவரை மேடையிலேயே வைத்திருப்பார்கள். ஆடுகிறவர்கள் அந்த நிறுவனத்தின் பள்ளி மாணவர்கள். லீட்ஸைச் சேர்ந்த நார்தர்ன் பாலே இன்னும் சின்னதாக, சுமார் நாற்பது நிமிடத்தில் முடியும் குழந்தைகள் பாலேக்களை ஊர் ஊராகக் கொண்டு போகிறது. நாற்பது நிமிடம் என்பது நான்கு வயதுக்குச் சரியான அளவு.

ஐந்து, ஆறு வயதானால் 'நட்கிராக்கர்'. இரண்டே பாகம். ராயல் பாலே நிறுவனம் ஆடும், பீட்டர் ரைட் அமைத்த தயாரிப்பு இடைவேளையையும் சேர்த்து இரண்டே கால் மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். மேடையில் குழந்தைகள் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் மரம் கண்ணெதிரே வளர்கிறது, எலிகள் வருகின்றன, பனி பெய்கிறது. ஒவ்வொரு நடனமும் சில நிமிடங்களில் முடிந்து அடுத்தது வந்துவிடுவதால் குழந்தையின் கவனம் நழுவினாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

'நட்கிராக்கர்' வரும் டிசம்பருக்குக் காத்திருக்க முடியாதவர்கள், ஃபிரெடரிக் ஆஷ்டன் 1960-இல் அமைத்த 'லா ஃபீ மால் கார்டே' எப்போது வருகிறது என்று பாருங்கள். கோழிகள் ஆடும், மரச்செருப்பு நடனம் உண்டு, உயிருள்ள குட்டைக்குதிரை ஒன்று மேடைக்கே வரும். பெயர் வாயில் நுழையாததால் பெற்றோர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

'ஸ்வான் லேக்' பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதற்காகவே அதை முதலில் எடுக்காதீர்கள். நான்கு அங்கம், நீளம், பல தயாரிப்புகளில் முடிவு சாவு. 'ஜிசேல்' இரண்டாம் பாகம் முழுக்க இறந்த பெண்களின் ஆவிகள். 'ஸ்லீப்பிங் பியூட்டி' கதை குழந்தைக்குத் தெரிந்ததுதான், ஆனால் முழு வடிவம் மிக நீளம். இவை எட்டு, ஒன்பது வயதில் அருமையாக இருக்கும்.

3. எந்த நேரம், எந்த இருக்கை

பகல் காட்சியை எடுங்கள். மாலை ஏழரை மணிக்குத் தொடங்கினால் குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் இரண்டாம் பாகம் நடக்கும். பகல் காட்சியில் குழந்தைகள் நிறைய இருப்பதால் உங்கள் பிள்ளை ஒரு முறை "அம்மா!" என்று கேட்டுவிட்டாலும் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள்.

இருக்கையில் பலர் செய்யும் தவறு, விலை அதிகம் என்பதால் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி நல்லது என்று நினைப்பது. அங்கே சரிவு குறைவு. முன்னால் உயரமானவர் ஒருவர் உட்கார்ந்தால் குழந்தைக்கு மேடை இல்லை. முதல் மாடியில் முன்வரிசையோ அதற்கு அடுத்ததோ கிடைத்தால் அதுதான் குழந்தைக்கு நல்ல இடம். மேலிருந்து பார்க்கும்போது பனித்துகள்களாக ஆடுகிறவர்கள் போடும் கோலமும் தெரியும். மாடியின் முதல் வரிசை என்றால், எதிரே உள்ள கைப்பிடிக் கம்பி குழந்தையின் கண்மட்டத்துக்கு வருகிறதா என்று அரங்கிலேயே கேட்டுவிட்டு எடுங்கள்.

ஓர இருக்கை, அதாவது நடைபாதையை ஒட்டியது, கட்டாயம். எழுந்து வெளியே போகவேண்டி வந்தால் இருபது முழங்கால்களைத் தாண்ட வேண்டியிருக்காது. "பார்வை மறைக்கும்" என்று குறிப்பிட்டு மலிவாக விற்கும் பக்கவாட்டு இருக்கைகள் பெரியவர்களுக்குச் சரி. குழந்தை எட்டிப் பார்க்கும், எழுந்து நிற்கும், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்.

உயரம் கூட்ட மெத்தை பல அரங்குகளில் தருவார்கள், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கதவு திறந்ததும் முதல் வேலையாக அதை வாங்குங்கள்.

4. கதையை வீட்டிலேயே சொல்லி முடியுங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். என் மூத்த மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது, கதை எதுவும் சொல்லாமல் ஒரு மாலைக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். அழகாக இருக்கும், தானாகவே புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். எலிகள் வந்ததும் என் மடியில் முகத்தைப் புதைத்தவள் நிமிரவே இல்லை. இடைவேளையில் கிளம்பிவிட்டோம். மறுபடி வருவதற்கு அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நம் குழந்தைகளில் பலர் பரதநாட்டியம் பார்த்திருப்பார்கள், சிலர் கற்றும் வருவார்கள். அங்கே பாட்டில் சொல் இருக்கிறது. கண்ணன் வெண்ணெய் திருடினான் என்று பாடகர் பாட, ஆடுகிறவர் அதைக் காட்டுகிறார். பாலேயில் அந்தச் சொல் கிடையாது. இசையும் உடம்பும் மட்டும்தான். "பாட்டு எப்போ வரும்?" என்று என் சின்னவள் கேட்டது இதனால்தான். அரங்கின் இருட்டில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கதை ஏற்கெனவே குழந்தையின் மனதில் இருந்தால்தான் மேடையில் நடப்பது அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

நான் மூன்று இரவாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் இரவு, தூங்கும் முன் 'நட்கிராக்கர்' முழுக் கதை. கிளாரா என்ற சிறுமி வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. டிரோசல்மையர் என்ற, மாயம் தெரிந்த பெரியவர் ஒரு பொம்மை கொடுக்கிறார். (வாதுமைக் கொட்டையை வாயால் உடைக்கும் மரப்பொம்மை. பாக்குவெட்டிக்குக் கைகால் முளைத்து, சிப்பாய் உடை போட்டுக்கொண்டது மாதிரி என்று சொன்னேன். பாட்டி வீட்டில் பாக்குவெட்டி பார்த்திருந்ததால் உடனே பிடித்துக்கொண்டார்கள்.) நள்ளிரவில் மரம் பெரிதாகிறது, எலிப்படைக்கும் பொம்மைச் சிப்பாய்களுக்கும் சண்டை. பெரும்பாலான தயாரிப்புகளில் கிளாரா தன் செருப்பை எறிந்து எலி ராஜாவைத் தோற்கடிக்கிறாள். பொம்மை இளைஞனாகிறது, இருவரும் பனிக்காடு வழியாக, சுகர் பிளம் தேவதை ஆளும் இனிப்புகளின் நாட்டுக்குப் போகிறார்கள்.

இரண்டாவது இரவு, குழந்தை உங்களுக்குக் கதை சொல்லட்டும். எங்கே விட்டுவிடுகிறதோ, அந்த இடத்தில்தான் அரங்கிலும் குழம்பும். அந்த இடத்தை மட்டும் திரும்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது இரவு, பயமுறுத்தும் இடங்கள். எலிகள் பெரியதாக வரும், அதற்குள் இருப்பவர்கள் நடனக் கலைஞர்கள், தலையில் முகமூடி போட்டிருக்கிறார்கள். சண்டையில் டமால் என்று சத்தம் கேட்கும், புகை வரும், அதைக் கேட்டதும் நாம் இருவரும் கையைப் பிடித்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்லிவைத்தால் குழந்தை அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கும். பயம் எதிர்பார்ப்பாக மாறிவிடும்.

ஒன்று கவனியுங்கள். கதை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் சிறுமியின் பெயர் கிளாரா, சிலவற்றில் மரீ. இங்கிலிஷ் நேஷனல் பாலே 2024-இல் கொண்டுவந்த புதிய தயாரிப்பில் கதை ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்து லண்டனில் நடக்கிறது. நீங்கள் பார்க்கப் போகும் தயாரிப்பின் கதைச்சுருக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் படித்துவிட்டுச் சொல்லுங்கள். கதைப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் "நீ சொன்ன மாதிரி வரலையே" என்று பாதியில் கேள்வி வரும்.

5. கையால் பேசும் பேச்சில் நான்கு சொல்

பாலேயில் சில சைகைகளுக்கு நிலையான பொருள் உண்டு. முகத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்தால் "அழகானவள்". நெஞ்சில் கை வைத்தால் "அன்பு". தலைக்கு மேல் இரண்டு கையையும் ஒன்றையொன்று சுற்றினால் "ஆடலாமா". மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் "கல்யாணம்". முத்திரை தெரிந்த பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். எல்லாத் தயாரிப்பிலும் நான்கும் வராது. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் குழந்தையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

கால்விரல் நுனியில் நிற்கும் காலணியைப் பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே இரும்பு இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று எல்லாக் குழந்தையும் கேட்கும். துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் கெட்டியாக்கியதுதான் அந்த நுனி. மேடைக்கு அருகில் உட்கார்ந்தால் அது தரையில் தட்டும் டொக் டொக் சத்தம் கேட்கும். ஆண்கள் உடம்போடு ஒட்டிய உடை போட்டிருப்பார்கள் என்பதையும் ஒரு படம் காட்டிச் சொல்லிவிட்டால், சிரிப்பு வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

6. இசையைக் காதுக்குப் பழக்குங்கள்

இரண்டு வாரம் காரில், சமையலறையில், 'நட்கிராக்கருக்கு' சாய்கோவ்ஸ்கி அமைத்த இசை ஓடட்டும். முழுவதும் வேண்டாம். தொடக்க இசை, அணிவகுப்பு, சுகர் பிளம் தேவதையின் நடனம், ரஷ்ய நடனம், பூக்களின் வால்ஸ் போதும். தேவதை நடனத்தில் மணி சிணுங்குவது போல வருவது செலஸ்டா என்ற கருவி. "அந்த மணிச் சத்தம் கேட்டால் தேவதை வந்துவிட்டாள்" என்று சொல்லிவையுங்கள். அந்த நடனம் நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில்தான் வரும். களைத்துப்போன குழந்தை அதுவரை காத்திருக்க ஒரு காரணம் வேண்டும்.

திரை திறக்கும் முன் சில நிமிடம் இசை மட்டும்தான் ஒலிக்கும் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். மேடையில் எதுவும் இல்லாத அந்த நேரத்தில்தான் "எப்போ ஆரம்பிக்கும்?" என்ற கேள்வி சத்தமாக வருகிறது.

7. அன்றைய நாள்

உணவு: அரங்குக்குள் சாப்பாடு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வயிறு நிறையச் சாதம் கொடுத்துவிடுங்கள். வழியில் கொறிக்க இட்லி, வாழைப்பழம், சப்பாத்திச் சுருள் மாதிரி சத்தம் வராத பொருள். சிப்ஸ் பொட்டலமும் முறுக்கும் வேண்டாம். தண்ணீரை அளவாகக் கொடுங்கள்.

உடை: பட்டுப்பாவாடை அழகுதான், ஆனால் சரிகை கழுத்தில் உறுத்தினால் இரண்டு மணி நேரமும் அதே பேச்சாக இருக்கும். ஏற்கெனவே இரண்டு முறையாவது போட்டுப் பழகிய உடையைப் போடுங்கள். அரங்குக்கு வெளியே குளிர், உள்ளே வெக்கை. மேல்சட்டையைக் கழற்றிவைக்கும் இடத்தில் விட்டுவிட்டால் மடியில் மூட்டை இருக்காது.

போக்குவரத்து: ராயல் பாலே ஆடும் ராயல் ஆபரா ஹவுஸுக்குப் பக்கத்து நிலையம் கோவன்ட் கார்டன். அங்கே மேலே வர லிஃப்ட்தான், இல்லாவிட்டால் 193 படி. சனிக்கிழமை மதியம் லிஃப்ட் வரிசையில் குழந்தையோடு நிற்பது பாடு. லெஸ்டர் ஸ்கொயரில் இறங்கினால் சில நிமிட நடைதான். இங்கிலிஷ் நேஷனல் பாலே 'நட்கிராக்கர்' ஆடும் கொலிசியம் அரங்கு செயின்ட் மார்டின்ஸ் லேனில் இருக்கிறது. அதற்கும் லெஸ்டர் ஸ்கொயர் அல்லது சேரிங் கிராஸ்.

தொடங்க நாற்பது நிமிடம் முன்பே அரங்கில் இருங்கள். தாமதமானால் சரியான இடைவெளி வரும்வரை உள்ளே விடமாட்டார்கள். குழந்தைக்கு அது பெரிய ஏமாற்றம். அந்த நாற்பது நிமிடத்தில் முதலில் மெத்தை, அப்புறம் கழிப்பறை, அதற்குப் பின் மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் இசைக்குழு சுருதி சேர்ப்பதை எட்டிப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வயலின்களையும் டிரம்பெட்டையும் நேரில் பார்த்த குழந்தைக்கு "இந்தச் சத்தம் எங்கிருந்து வருது?" என்ற சந்தேகம் இருக்காது.

8. விளக்கு அணைந்த பிறகு

நம் விழாக்களில் நிகழ்ச்சி நடக்கும்போதே எழுந்து போகலாம், பேசலாம், பக்கத்து வரிசைத் தோழியைப் பார்க்கப் போகலாம். இங்கே அப்படி இல்லை என்பதை முந்தின நாளே சொல்லுங்கள், விளையாட்டாகப் பழக்குங்கள். நாங்கள் "காதுப் பேச்சு" என்று ஒன்று வைத்திருக்கிறோம். கேள்வி வந்தால் என் கையை இரண்டு முறை அழுத்த வேண்டும், நான் குனிவேன், காதில் மூன்று சொல்லுக்குள் கேட்கலாம். முற்றிலும் வாயை மூடு என்று சொன்னால் குழந்தை மேடையைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நீங்களாக விளக்கம் சொல்லாதீர்கள். பெரியவர்கள் செய்யும் தவறு இதுதான்: "பார், பார், இப்போ மரம் வளரப்போகுது!" கதை சொல்லியாகிவிட்டது, குழந்தையே பார்த்துக்கொள்ளும். போனை எடுக்கவே வேண்டாம். படம் பிடிக்கவும் அனுமதி இல்லை, அந்த வெளிச்சம் பத்து வரிசைக்குத் தெரியும்.

கைதட்டலாமா என்ற தயக்கம் தேவையில்லை. ஒரு நடனம் முடிந்து ஆடியவர் வணங்கினால் தட்டலாம். அசத்தலான சுழற்சி வரும்போது நடுவிலேயே தட்டுவதும் பாலேயில் வழக்கம்தான். அடக்கிவைத்த சக்தியெல்லாம் கைதட்டலில் வெளியேறும், தாராளமாகத் தட்டவிடுங்கள்.

முதல் பாகத்தின் கடைசியில் பனி விழும். காகிதத் துண்டுகள்தான். ஆனால் சின்னவளின் கை என் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தது, வாய் திறந்தே இருந்தது. மேலிருந்து வந்த ஒரு துண்டு சுழன்று சுழன்று இசைக்குழுவின் பள்ளத்துக்குள் இறங்கியதை அவள் தலை கூடவே போய்ப் பார்த்தது. அந்த நேரத்தில் சொல் இல்லாமல் குழந்தைகள் பாடும் குரல் வரும். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த "பாட்டு எப்போ?" என்பதற்குப் பதில் அங்கே கிடைத்துவிட்டது.

9. இடைவேளை

விளக்கு வந்த அடுத்த நொடி ஒருவர் குழந்தையோடு கழிப்பறை வரிசைக்கு, இன்னொருவர் ஐஸ்கிரீமுக்கு. இந்த வரிசை மாறக்கூடாது. ஐந்து நிமிடம் தாமதித்தால் பெண்கள் கழிப்பறை வரிசை படிக்கட்டு வரை நீளும். இங்குள்ள அரங்குகளில் ஐஸ்கிரீம் சின்னக் கிண்ணத்தில், மூடிக்கு அடியில் குட்டிக் கரண்டியோடு வரும். என் பிள்ளைகள் அந்தக் கரண்டியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த நேரத்தில் குழந்தையின் நிலையைப் பாருங்கள். கண் சொக்கினாலோ, "வீட்டுக்குப் போலாம்" என்றாலோ போய்விடுங்கள். டிக்கெட் காசு மனதை உறுத்தும், தெரியும். ஆனால் பனி பெய்ததோடு வீட்டுக்குப் போன குழந்தை அடுத்த வருடம் தானே கேட்டு வரும். இழுத்துப் பிடித்து உட்கார வைத்த குழந்தை வராது.

10. இரண்டாம் பாகம்

இதற்குத் தயாராக இருப்பவர்கள் குறைவு. முதல் பாகத்தில் கதை ஓடியது. இரண்டாம் பாகத்தில் கதை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பல தயாரிப்புகளில் கிளாரா உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு நாட்டு நடனமாக வந்து போகும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு இங்கேதான் அலுப்புத் தட்டும்.

ஐஸ்கிரீம் தின்னும்போதே சொல்லிவிடுங்கள்: "இனி கதை இல்லை, விருந்து. ஒவ்வொரு நடனமும் ஒரு பலகாரம். எது உனக்குப் பிடிக்குதுன்னு எனக்கு அப்புறம் சொல்லணும்." தேர்வு செய்யும் வேலை கொடுத்துவிட்டால் குழந்தை கவனமாகப் பார்க்கும். இந்த நாட்டு நடனங்களில் சீன, அரபு நடனங்களைப் பழைய தயாரிப்புகள் காட்டிய விதம் சரியில்லை என்று பல நிறுவனங்கள் மாற்றி அமைத்திருக்கின்றன. பெரிய பிள்ளை அதைப் பற்றிக் கேட்டால் வீட்டுக்கு வந்தபின் நேர்மையாகப் பேசுங்கள்.

தேவதையும் இளவரசனும் சேர்ந்து ஆடும் மெதுவான நடனம்தான் பெரியவர்களுக்கு உச்சம், குழந்தைக்கு மிகக் கடினம். அந்த நேரத்தில் மடியில் ஏற விரும்பினால் ஏற்றிக்கொள்ளுங்கள், பின்னால் இருப்பவருக்கு மறைக்கவில்லை என்றால். அதை அடுத்துச் சிறிது நேரத்தில் அந்த மணிச் சத்தம் வரும்.

11. நடுவில் அழுதால்

உடனே எழுங்கள். "ஒரு நிமிடம் பார்ப்போம்" என்று காத்திருந்தால் அழுகை பெரிதாகும். ஓர இருக்கை எடுத்தது இதற்காகத்தான். வெளியே வந்ததும் அரங்கப் பணியாளரிடம் சொல்லுங்கள். உள்ளே நடப்பதைத் திரையில் காட்டும் இடம் சில அரங்குகளில் உண்டு, அங்கே நின்று பார்க்கலாம். திரும்ப உள்ளே போகலாமா என்று குழந்தையிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், திட்டாதீர்கள்.

12. வீட்டுக்கு வந்தபின்

கலைஞர்கள் வணங்கும்போது கூட்டத்தைத் தவிர்க்க ஓடாதீர்கள். எலி ராஜா வந்து வணங்குவதைக் குழந்தை பார்க்கட்டும். பயந்த குழந்தைக்கு அதுதான் மருந்து. சில நேரம் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

ரயிலில் "பிடிச்சுதா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "எந்தப் பலகாரம்?" என்று கேளுங்கள். இரண்டு நாளில் வீட்டு ஹாலில் சோபா மெத்தைகள் மேடையாகும், அதற்கு இடம் விடுங்கள்.

அடுத்த வாரமே பாலே வகுப்பு கேட்டால் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் கேட்டால் பக்கத்தில் உள்ள வகுப்பில் ஒரு நாள் பார்க்கவிட்டுச் சேருங்கள். நுனிக்கால் காலணி மட்டும் இப்போது வேண்டாம், எத்தனை கெஞ்சினாலும். பாதமும் கணுக்காலும் வலுவடைய வேண்டும். சில வருடம் பயிற்சி எடுத்தபின், வழக்கமாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டி, ஆசிரியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அதைப் போட வேண்டும். அதுவரை மெல்லிய தோல் செருப்பு போதும்.